லோன் கேட்டாலே சிபில் ஸ்கோர் குறையுமா? விண்ணப்பிக்கும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

செல்போன் கடையில் தவணைக்குப் போன் கேட்டால் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கவுன்டரில் இருப்பவர் பான் எண்ணையும் மொபைல் எண்ணையும் வாங்கிக்கொண்டு, வந்த ஓ.டி.பி.யைக் கேட்கிறார். முதல் ஃபைனான்ஸ் கம்பெனியில் ‘அப்ரூவல்’ வரவில்லை என்றால், பக்கத்து நாற்காலியில் இருக்கும் அடுத்த கம்பெனிக்காரரிடம் கை காட்டுகிறார். அங்கேயும் ஒரு ஓ.டி.பி. அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்கள் உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்திருக்கும். போன் வாங்காமல் வெறும் கையோடு வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பதிவுகள் உங்கள் பெயரில் நிற்கும். சில மாதம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போனால், வங்கியில் இருப்பவர் அதைப் பார்ப்பார்.

இந்தப் பதிவுக்குப் பெயர்தான் என்கொயரி. அது எப்போது விழுகிறது, ஸ்கோரை எவ்வளவு பாதிக்கிறது, அதை எப்படிக் கட்டுக்குள் வைத்துக்கொள்வது என்று இந்தியாவில் இப்போது இருக்கும் விதிகளை வைத்து வரிசையாகப் பார்க்கலாம்.

எது என்கொயரி, எது இல்லை

இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். இவற்றுக்கான சட்டம் 2005-இல் வந்தது. நம் ஊரில் நான்கையும் சேர்த்து ‘சிபில்’ என்றே சொல்லிவிடுகிறோம். நீங்கள் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் பதிந்து வைத்து இவை போடும் மதிப்பெண்தான் ஸ்கோர். அது 300-இல் தொடங்கி 900 வரை போகும்.

நீங்கள் கடனுக்கோ கிரெடிட் கார்டுக்கோ விண்ணப்பித்து, அதற்காக வங்கி உங்கள் அறிக்கையை எடுத்தால் அது ஹார்டு என்கொயரி. மற்றவர்கள் கண்ணில் படுவதும் ஸ்கோரைத் தொடுவதும் இதுதான். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பது சாஃப்ட் என்கொயரி. அதனால் ஸ்கோர் ஒரு புள்ளிகூடக் குறையாது. ‘அடிக்கடி பார்த்தால் குறைந்துவிடும்’ என்ற பயத்திலேயே பல வருடமாக அறிக்கையைத் திறக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாடிக்கையாளராக இருக்கும் உங்களுக்குச் சலுகை அனுப்புவதற்காக வங்கி தானாகப் பார்ப்பதும் சாஃப்ட் வகைதான். ஆனால் அந்தச் சலுகையை ஏற்று ‘விண்ணப்பி’ என்ற பட்டனை அழுத்தினால், அது பெரும்பாலும் ஹார்டு என்கொயரியாக மாறும். கார்டின் வரம்பை உயர்த்தச் சொல்லி நீங்களாகக் கேட்பதும், வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றக் கேட்பதும் அப்படித்தான்.

நகைக் கடனை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். வங்கியிலோ நகைக் கடன் கம்பெனியிலோ வைத்த நகை உங்கள் அறிக்கையில் ஒரு கடன் கணக்காக ஏறும், அதற்கான என்கொயரியும் பதிவாகலாம். ஐந்து நகைகளை ஐந்து ரசீதாகப் பிரித்து வைத்தால் ஐந்து கணக்கு. தெருமுனை அடகுக் கடையில் வைத்தது இதில் வராது. மகளிர் குழு வழியாக மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனத்தில் வாங்கும் கடனும் பதிவாகிறது. அந்த நிறுவனங்களும் கடன் தரும் முன் அறிக்கையைப் பார்க்கின்றன.

எவ்வளவு குறையும்?

நேர்மையான பதில்: ஒரு என்கொயரியால் மிகக் கொஞ்சம். அமெரிக்காவில் ஸ்கோர் கணக்கிடும் ஃபைகோ நிறுவனம், பெரும்பாலானவர்களுக்கு ஒரு என்கொயரி ஐந்து புள்ளிக்கும் குறைவாகவே குறைக்கும் என்று சொல்கிறது. புதிதாகக் கடன் கேட்பதற்கு மொத்தமாக 10 சதவீத எடைதான் தருகிறது. இந்திய நிறுவனங்கள் ஒரு என்கொயரிக்கு இத்தனை புள்ளி என்று கணக்கை வெளியிடுவதில்லை. ஆனால் தவணையைத் தவறாமல் கட்டுவதும் கார்டு வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பதும்தான் பெரிய எடை, என்கொயரி அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது என்பது இங்கும் அதேதான்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு கவலை? காரணம், ஸ்கோரை மட்டும் பார்த்து யாரும் கடன் தருவதில்லை. அறிக்கையில் என்கொயரிக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. தேதி, கடன் வகை, கேட்ட தொகை மூன்றும் வரிசையாக இருக்கும். கேட்ட கடன் கிடைத்ததா, மறுக்கப்பட்டதா என்று அதில் ஒரு வார்த்தை இருக்காது. படிப்பவரே ஊகித்துக்கொள்வார். மார்ச் மாதத்தில் நான்கு முறை பர்சனல் லோன் கேட்டிருக்கிறீர்கள், அதற்குப் பிறகு புதிதாக எந்தக் கடன் கணக்கும் திறக்கவில்லை என்றால் அவர் என்ன நினைப்பார்? நாலு பேர் மறுத்திருக்கிறார்கள், ஆளுக்குப் பணம் அவசரமாகத் தேவைப்படுகிறது என்றுதான். உண்மையில் நீங்கள் வட்டி விகிதம் விசாரிக்கப் போயிருக்கலாம். ஆனால் உங்கள் தரப்பைச் சொல்ல அந்தத் தாளில் இடமில்லை.

ஆகவே விசாரிப்பது வேறு, விண்ணப்பிப்பது வேறு. இரண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கீழே வரும் படிகள் எல்லாவற்றின் நோக்கமும்.

படி 1: உங்கள் அறிக்கையை முதலில் நீங்கள் பாருங்கள்

கடன் தேவைப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கி விதி. அவரவர் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பான் எண் கொடுத்து எடுக்கலாம். பணம் கட்டும் திட்டங்களைத்தான் முன்னால் பெரிதாகக் காட்டுவார்கள். இலவச அறிக்கைக்கான இணைப்பு அதே தளத்தில்தான் எங்காவது இருக்கும், தேடி எடுங்கள்.

நான்கையும் எடுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடன் கணக்கு விவரங்களை வங்கிகள் நான்கு நிறுவனங்களுக்குமே அனுப்பியாக வேண்டும். ஆனால் விண்ணப்பம் வந்ததும் ஒரு வங்கி ஒரே ஒரு நிறுவனத்தின் அறிக்கையை மட்டும் எடுக்கலாம். அந்த என்கொயரி அங்கே மட்டும்தான் பதிவாகும். அதனால் சிபிலில் சுத்தமாக இருக்கும் பட்டியல் எக்ஸ்பீரியனில் வேறு மாதிரி இருக்கக்கூடும்.

மூன்றாம் தரப்புச் செயலிகளில் ‘இலவச ஸ்கோர்’ பார்ப்பதாலும் ஸ்கோர் குறையாது. ஆனால் அவர்களுடைய தொழில் கடன் விற்பது. ஸ்கோருக்குக் கீழே வரும் ‘உங்கள் சலுகையைப் பெறுங்கள்’ பட்டனில் கை வைக்கும் முன் யோசியுங்கள்.

வங்கி வேலைக்குத் தேர்வு எழுதுகிறவர்களும் இந்தப் படியைத் தவறவிடக் கூடாது. மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஸ்டேட் வங்கி ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது சரிதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

படி 2: தெரியாத என்கொயரி இருந்தால் அதே நாளில் வேலையைத் தொடங்குங்கள்

பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் அறிமுகமில்லாமல் இருந்தால் உடனே பதற வேண்டாம். செல்போன் கடை, மருத்துவமனைத் தவணை, ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ செயலி ஆகியவற்றுக்குப் பின்னால் நீங்கள் கேள்விப்படாத ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி இருக்கும். தேதியையும் தொகையையும் வைத்து யோசித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால், அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘இந்தத் தேதியில் என் அறிக்கையை எடுத்திருக்கிறீர்கள், நான் தந்த சம்மதத்தின் நகலைக் காட்டுங்கள்.’ கூடவே கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் ‘டிஸ்ப்யூட்’ (ஆட்சேபம்) பதிவு செய்யுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. வங்கியின் ஒப்புதல் இல்லாமல் சிபில் தானாக எதையும் அழிக்காது. ஆகவே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டுங்கள். புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. புகார் எண்ணும் தேதியும் கையில் இருந்தால்தான் இதைக் கேட்க முடியும். அதனால் போனில் பேசி முடிக்காமல் எழுத்தில் கொடுங்கள். 30 நாள் கழித்தும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) இணையத்திலேயே போகலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 முதல் அந்த வரம்புக்குள் வந்துவிட்டன.

தெரியாத என்கொயரியோடு தெரியாத கடன் கணக்கும் சேர்ந்து இருந்தால் விஷயம் வேறு. உங்கள் பான் எண்ணை வைத்து யாரோ கடன் வாங்கியிருக்கலாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள், அந்தப் புகாரின் நகலை மேலே சொன்ன இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள்.

இப்படி ஒன்று நடந்தால் சீக்கிரம் தெரிந்துகொள்ள ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது. யாராவது உங்கள் அறிக்கையை எடுத்தால் கடன் தகவல் நிறுவனம் உங்களுக்கு எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அது வர வேண்டுமென்றால் அவர்களிடம் உங்கள் இப்போதைய எண் இருக்க வேண்டும். பழைய சிம் எண் வங்கிக் கணக்கில் அப்படியே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

படி 3: எவ்வளவு கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

வீணாகும் என்கொயரிகளில் பெரும்பகுதி இங்கேதான் உருவாகிறது. ஸ்கோர் 780 இருக்கும், ஆனாலும் மூன்று வங்கியில் மறுத்திருப்பார்கள். வருமானத்துக்கு மேல் கேட்டதுதான் காரணமாக இருக்கும்.

மாதம் ₹60,000 கைக்கு வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எல்லாத் தவணையும் சேர்த்து வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வங்கி பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (இந்த வரம்பு வங்கிக்கு வங்கி மாறும்). அப்படியானால் ₹30,000 வரை தவணை கட்டலாம். பைக்குக்கும் பர்சனல் லோனுக்கும் ஏற்கெனவே ₹12,000 போகிறது. மிச்சம் ₹18,000. 8.5 சதவீத வட்டியில் 20 வருட வீட்டுக் கடனுக்கு, ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ ₹868. ₹18,000-க்கு ஏறத்தாழ 20.7 லட்சம்தான் வரும்.

இவர் 30 லட்சம் கேட்டு மூன்று வங்கிக்குப் போனால் மூன்றிலும் ஒரே பதில்தான், அறிக்கையில் மூன்று என்கொயரி. அதற்குப் பதிலாகப் பழைய கடன்களை முடித்துவிட்டுப் போனால் ₹30,000 முழுவதும் வீட்டுக் கடனுக்கு நிற்கும். அப்போது 34 லட்சத்துக்கு மேல் தகுதி வருகிறது. ஒரு தாளும் பேனாவும் போதும் இதற்கு.

படி 4: கார்டு பாக்கியைக் குறைத்துவிட்டு, பதிவாகும் வரை பொறுங்கள்

₹1 லட்சம் வரம்புள்ள கார்டில் மாதா மாதம் ₹80,000 பில் வருகிறது, நீங்களும் கடைசித் தேதிக்குள் முழுதாகக் கட்டிவிடுகிறீர்கள். அப்படியும் அறிக்கையில் ₹80,000 பாக்கி என்று தெரியலாம், ஏனென்றால் பில் போடும் நாளில் இருக்கும் தொகை பதிவாகிவிடலாம். விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரண்டு மாதமாவது பில் தேதிக்கு முன்பே பெரும்பகுதியைக் கட்டி, வரம்பில் 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிய மறுநாளே ஓட வேண்டாம். 2025 ஜனவரிக்கு முன்பு வங்கிகள் மாதத்துக்கு ஒரு முறைதான் விவரம் அனுப்பின. அதன் பிறகு குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. வங்கி அனுப்பவும் அவர்கள் ஏற்றவும் இன்னும் சில நாள் ஆகும். ஒரு மாதம் விட்டு, அறிக்கையில் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 5: பான் எண் கொடுக்காமல் விசாரியுங்கள்

அமெரிக்காவில் ஒரு வசதி இருக்கிறது. 14 முதல் 45 நாளுக்குள் வீட்டுக் கடனுக்கோ கார் கடனுக்கோ பத்து இடத்தில் கேட்டாலும் ஃபைகோ அதை ஒரே என்கொயரியாக எடுத்துக்கொள்ளும். யூடியூபில் இதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்பி ஒரே வாரத்தில் ஆறு வங்கிக்கு விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி உறுதி கொடுக்கப்பட்ட கால அவகாசம் எதையும் நம்பி இறங்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு தனி வரி என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

விசாரிக்க வேண்டிய இடங்கள் நிறையவே இருக்கின்றன. பெரும்பாலான வங்கிகள் வீட்டுக் கடன் வட்டியைத் தங்கள் தளத்தில் போட்டிருக்கின்றன, சில வங்கிகள் எந்த ஸ்கோருக்கு எவ்வளவு வட்டி என்றே பிரித்துக் காட்டுகின்றன. உங்கள் ஸ்கோர்தான் கையில் இருக்கிறதே. கிளைக்கு நேரில் போய், சம்பளச் சீட்டையும் அறிக்கையையும் காட்டி, ‘சார், இந்த வருமானத்துக்கு, இந்த ஸ்கோருக்கு எவ்வளவு கிடைக்கும், என்ன வட்டி, பிராசசிங் கட்டணம் எவ்வளவு?’ என்று கேளுங்கள். இதற்கு உங்கள் அறிக்கையை அவர்கள் எடுக்க வேண்டியதில்லை. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் கேளுங்கள். உங்கள் வரவு செலவு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். நெட் பேங்கிங்கில் முன் அனுமதிச் சலுகை ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 6: ஒரு இடத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள்

இரண்டு மூன்று வங்கிகளை ஒப்பிட்டு, கிடைக்கும் வாய்ப்பு அதிகம் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் கொடுங்கள். பதில் வந்த பிறகே அடுத்தது.

லோன் ஏஜென்ட் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ‘டாக்குமென்ட் கொடுங்க சார், நான் பார்த்துக்கறேன்’ என்று வாங்கிக்கொண்டு, கமிஷனுக்காக ஒரே பைலை ஐந்து இடத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த வங்கிக்கு என்று நகலின் மேலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வரும் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ்.ஸை முழுதாகப் படியுங்கள். யாருக்காக, எதற்காக என்று அதில் இருக்கும். கடை கவுன்டரிலும் இதே கேள்விதான்: ‘எந்தக் கம்பெனி? ஒன்றில் மட்டும் பாருங்கள், கிடைக்கவில்லை என்றால் வேண்டாம்.’ இப்படிச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். ₹15,000 போனுக்காக 30 லட்ச வீட்டுக் கடனைச் சிக்கலாக்கிக்கொள்ளக் கூடாது.

கல்விக் கடனில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று. பிள்ளைக்குக் கடன் வரலாறே இருக்காது, கூட்டு விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போடும் அப்பா அல்லது அம்மாவின் அறிக்கையையும் வங்கி எடுக்கும். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் மூன்று வங்கி வரை தேர்ந்தெடுக்கலாம் என்பதற்காக மூன்றையும் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அதே வருடத்தில் வீட்டுக் கடனும் வாங்கும் திட்டம் இருந்தால், அம்மா அப்பா இருவரில் யார் எதற்குக் கையெழுத்துப் போடுவது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

முதல் முறை கடன் கேட்பவர்களுக்கு ஸ்கோர் இருக்காது, அறிக்கையில் -1 என்று வரும். வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை விண்ணப்பிப்பவரை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி வழிகாட்டுதலில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போங்கள். வரலாற்றை உருவாக்க வேண்டும் என்றால், நிலையான வைப்பின் பேரில் தரும் கிரெடிட் கார்டு எளிதான வழி. நான்கு கார்டுக்கு விண்ணப்பித்து நான்கும் மறுக்கப்படுவதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 7: மறுத்துவிட்டால் அடுத்த வங்கிக்கு ஓடாதீர்கள்

இதைச் சொல்வது சுலபம், பணம் அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில் கடைப்பிடிப்பது கஷ்டம் என்று தெரியும். ஆனால் காரணம் தெரியாமல் அடுத்த இடத்துக்குப் போனால் அதே காரணம் அங்கேயும் காத்திருக்கும்.

மறுப்புக்கான முக்கியக் காரணத்தை வங்கி எழுத்தில் சொல்ல வேண்டும். எந்த வகைக் கடனாக இருந்தாலும், கிரெடிட் கார்டு விண்ணப்பமாக இருந்தாலும் இது பொருந்தும். ‘எங்கள் உள் கொள்கை’ என்று ஒரு வரியில் முடித்தால் விடாமல் மறுபடி கேளுங்கள். வருமானம் போதவில்லையா, பழைய கடன் ‘செட்டில்டு’ (முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தது) என்று நிற்கிறதா, முகவரி பொருந்தவில்லையா, வேலை பார்க்கும் நிறுவனம் அவர்கள் பட்டியலில் இல்லையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சிலவற்றை ஒரே வாரத்தில் சரி செய்துவிடலாம்.

சரி செய்த பிறகு மூன்று முதல் ஆறு மாதம் இடைவெளி விடுவது நல்லது. என்கொயரியை அழிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. நீங்கள் சம்மதித்து நடந்தது அது. ஆனால் அது பழசாகப் பழசாக எடை குறையும், தவணைகள் தவறாமல் போய்க்கொண்டிருந்தால் ஸ்கோரும் தானாக மேலே வரும். ‘என்கொயரியை நீக்கித் தருகிறோம், ஸ்கோரை 800 ஆக்குகிறோம்’ என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். சரியான பதிவை யாராலும் நீக்க முடியாது, தவறான பதிவை நீக்கக் காசு தேவையில்லை.

அதற்குள் பணம் வேண்டியே தீர வேண்டும் என்றால், கையில் இருக்கும் நகையின் பேரிலோ வைப்பின் பேரிலோ வாங்குவது, ஐந்தாவது பர்சனல் லோன் விண்ணப்பத்தைவிடப் புத்திசாலித்தனம். ஈடு இருப்பதால் மறுப்பு வரும் வாய்ப்பு குறைவு, வட்டியும் பெரும்பாலும் குறைவு. சிறு கடன் செயலிகள் பக்கம் மட்டும் தலை வைக்காதீர்கள். மூன்றாயிரம், ஐந்தாயிரம் என்று வாங்கும் ஒவ்வொன்றும் அறிக்கையில் தனித்தனிக் கடனாக ஏறி நிற்கும்.

படி 8: அனுமதி வந்த பிறகும் கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

அனுமதிக் கடிதம் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துப் புது வீட்டுக்கு ஏ.சி., ஃபிரிட்ஜ், கட்டில் எல்லாம் தவணையில் எடுக்கக் கிளம்புவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் பணத்தை விடுவிக்கும் முன் வங்கி உங்கள் அறிக்கையை மறுபடி ஒரு முறை எடுத்துப் பார்க்கலாம். இடையில் இரண்டு புதுக் கடன் ஏறியிருந்தால் படி 3-இல் போட்ட கணக்கே மாறிவிடும், அனுமதித்த தொகையைக் குறைக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. கட்டி முடித்த வீட்டுக்கு இது பத்திரப் பதிவு நாள் வரைக்குமான கட்டுப்பாடு. கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக்கு வங்கி பணத்தைத் தவணை தவணையாகத்தான் விடுவிக்கும். அதனால் கடைசித் தவணை பில்டர் கைக்குப் போகும் வரை புதுக் கார்டும் வேண்டாம், புது லோனும் வேண்டாம்.